ஒரு துளி ரத்தம், இரண்டு தவறுகள்

தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், ஆலங்குளம் என்று எந்த வட்டாரத்து அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போனாலும், கர்ப்பிணிகளுக்கு முதல் மாதங்களிலேயே ரத்தம் எடுத்துவிடுவார்கள். ரத்த வகை, ஹீமோகுளோபின், சர்க்கரை, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி என்று பட்டியல் நீளும். அதில் 'வி.டி.ஆர்.எல்.' என்றும் ஒரு வரி இருக்கும். அது எதற்கு என்று யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. "எல்லாம் நார்மல்தான்மா" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்த வரி தேடுவது சிபிலிஸ் நோயை. ஊர்ப்பக்கம் மேகநோய், மேகப்புண் என்று தாழ்ந்த குரலில் சொல்லப்பட்ட பழைய நோய்களில் இதுவும் அடக்கம். பென்சிலின் வந்த பிறகு இது ஒழிந்துபோனதாகப் பலர் நினைக்கிறார்கள். ஆனால் 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 80 லட்சம் பேருக்குப் புதிதாக இந்தத் தொற்று வந்ததாகவும், தாயிடமிருந்து பெற்ற சிபிலிஸ் சுமார் 7 லட்சம் கர்ப்பங்களைப் பாதித்ததாகவும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. தாய்க்குச் சிகிச்சை கிடைக்காவிட்டால் பாதிக்கும் மேற்பட்ட கர்ப்பங்களில் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல், எடைக்குறைவு, பிறவி நோய் என்று ஏதாவது ஒரு கேடு நேர்கிறது. நோய் தொற்றிய புதிதில் கண்டுபிடித்தால் ஒரே ஒரு பென்சாதின் பென்சிலின் ஊசி போதும்.

மருந்து எளிது, மலிவும்கூட. சிக்கலெல்லாம் அதற்கு முந்தைய படியில், யாருக்கு ஊசி போடுவது என்று முடிவு செய்வதில் இருக்கிறது. 'ரியாக்டிவ்', 'நான் ரியாக்டிவ்' என்று ஆய்வகம் எழுதித் தரும் சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம்? நூறு ஆண்டுகளுக்கும் மேலாக விஞ்ஞானிகள் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டி வருகிறார்கள். ரத்தப் பரிசோதனை ஒன்றை எப்படி எடைபோடுவது என்ற கலையின் பெரும்பகுதியை மருத்துவ உலகம் சிபிலிஸை வைத்துத்தான் கற்றுக்கொண்டது.

கிருமியைத் தேடாத பரிசோதனை

சிபிலிஸை உண்டாக்கும் சுருள் வடிவ பாக்டீரியாவான டிரெபோனீமா பாலிடத்தை பிரிட்ஸ் ஷாடின், எரிக் ஹாஃப்மான் இருவரும் 1905இல் பெர்லினில் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டே ஆகஸ்ட் வான் வாசர்மான், ஆல்பர்ட் நைசர், கார்ல் புரூக் மூவரும் இதற்கு ஒரு ரத்தப் பரிசோதனையை அறிவித்தார்கள். கிருமியை ஆய்வகத்தில் வளர்க்க முடியாததால், சிபிலிஸால் இறந்த சிசுவின் ஈரலை அரைத்து அதன் சாற்றைப் பயன்படுத்தினார்கள். அந்த ஈரலில் கிருமி நிறைந்திருக்கும், நோயாளியின் ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள் அதோடு போய் ஒட்டும் என்பது அவர்கள் கணக்கு.

பரிசோதனை வேலை செய்தது. கணக்குதான் தப்பு. சிபிலிஸ் இல்லாத ஈரலின் சாறும், மாட்டு இதயத்தின் சாறும்கூட அதே பலனைத் தந்தன! அப்படியானால் அந்த எதிர்ப்பொருள் பிடித்துக்கொள்வது கிருமியை மட்டுமல்ல. சாதாரண உடல் திசுவில் இருக்கும் ஏதோ ஒன்றையும் அது பிடிக்கிறது. அது என்ன என்பது தெரிய 35 ஆண்டுகள் ஆயின. 1941இல் மேரி பாங்போர்ன் என்ற அமெரிக்க வேதியியலாளர் மாட்டு இதயத்திலிருந்து கார்டியோலிப்பின் என்ற கொழுப்பைப் பிரித்தெடுத்தார். நம் உடலின் செல்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள கொழுப்பு அது. சிபிலிஸ் வந்தவர் உடலில் இந்தக் கொழுப்புக்கு எதிராகவும் எதிர்ப்பொருள் உண்டாகிறது.

1946இல் நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவில் இருந்த பால்வினை நோய் ஆராய்ச்சி ஆய்வகம் கார்டியோலிப்பினோடு லெசித்தினையும் கொலஸ்டிராலையும் கலந்து ஒரு எளிய பரிசோதனையை உருவாக்கியது. அந்த ஆய்வகப் பெயரின் ஆங்கில முதலெழுத்துகள்தான் வி.டி.ஆர்.எல். சிபிலிஸைப் பென்சிலினால் குணப்படுத்தலாம் என்று 1943இல் ஜான் மஹோனி முதன்முதலில் காட்டியதும் அதே ஸ்டேட்டன் தீவில்தான்.

இன்றும் செய்முறை பெரிதாக மாறவில்லை. ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை 56 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சூடாக்கி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு விடுவார்கள். அதன்மேல் அன்று காலை கலக்கிய ஆன்டிஜெனில், அதாவது அந்தக் கார்டியோலிப்பின் கலவையில், ஒரு சொட்டு. நிமிடத்துக்கு 180 சுற்று சுழலும் மேடையில் நான்கு நிமிடம் வைத்துவிட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். துகள்கள் திரண்டிருந்தால் ரியாக்டிவ். இதன் தம்பியான ஆர்.பி.ஆர். பரிசோதனையில் கரித்தூள் சேர்த்திருப்பதால் கறுப்புத் திரளை வெறுங்கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

இரண்டுமே கிருமியை நேரடியாகத் தேடுவதில்லை. கொழுப்புக்கு எதிரான அதே எதிர்ப்பொருள் வேறு காரணங்களாலும் ரத்தத்தில் தோன்றும். மலேரியா, தொழுநோய், லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய்கள், முதுமை, சில வேளை கர்ப்பம்கூட அதைத் தோற்றுவிக்கலாம். தொழுநோயும் மலேரியாவும் நீண்ட காலம் பரவலாக இருந்த இந்தியாவில் இது ஏட்டளவுக் கவலையாக இருந்ததில்லை.

கோட்டை எங்கே போடுவது?

எந்தப் பரிசோதனையும் இரண்டு விதமாகத் தவறலாம். நோய் உள்ளவரை 'இல்லை' என்று அனுப்பிவிடுவது ஒன்று. நோய் இல்லாதவரை 'உண்டு' என்று பிடித்து வைப்பது மற்றொன்று. நோய் உள்ள நூறு பேரில் எத்தனை பேரைச் சரியாகப் பிடிக்கிறது என்பது அதன் உணர்திறன். நோய் இல்லாத நூறு பேரில் எத்தனை பேரைச் சரியாக விடுவிக்கிறது என்பது அதன் தனித்தன்மை. எந்தப் பரிசோதனைப் பெட்டியை எடுத்தாலும் உள்ளே மடித்து வைத்த தாளில் இந்த இரண்டு சதவீதங்களும் அச்சாகியிருக்கும்.

இரண்டையும் ஒருசேர நூறாக்க முடியாமல் போவதற்குக் காரணம் உண்டு. குற்றாலம் மெயினருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டத் தொடங்கினால் போலீஸார் குளிக்கத் தடை போடுவார்கள். லேசாகத் தண்ணீர் கூடியதுமே தடை என்றால் சீசன் முழுக்கச் சுற்றுலாப் பயணிகள் கரையில் நின்று அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். பார்த்துக்கொள்ளலாம் என்று தாமதித்தால் என்ன ஆகும் என்பதற்கு 2024 மே 17 சாட்சி: பழைய குற்றாலத்தில் திடீரென வந்த காட்டாற்று வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்றது. பரிசோதனையிலும் 'இந்த அளவுக்கு மேல் திரண்டால் பாசிட்டிவ்' என்று எங்கோ ஓரிடத்தில் கோடு போட்டாக வேண்டும். கோட்டை இறக்கினால் உணர்திறன் கூடி, பொய் பாசிட்டிவும் கூடும். ஏற்றினால் பொய் பாசிட்டிவ் குறைந்து, நோயாளிகள் சிலர் தப்பிப்போவார்கள்.

இதனால் இடத்துக்கு இடம் விருப்பம் மாறுகிறது. ரத்த வங்கியில் தானமாக வரும் ஒவ்வொரு பையையும் சிபிலிஸுக்குச் சோதிக்க வேண்டும் என்பது இந்தியச் சட்டம். அங்கே நல்ல ரத்தப் பை ஒன்று தவறாக ஒதுக்கப்பட்டால் நஷ்டம் ஒரு பையோடு போகும்; நோயுள்ள பை தப்பிவிடக் கூடாது. ஒரு பெண்ணிடம் "உங்களுக்குச் சிபிலிஸ்" என்று தவறாகச் சொன்னாலோ, அந்த நஷ்டம் ரத்தப் பையோடு முடியாது. கணவன், மாமியார், தெரு என்று அது போய்ச் சேரும் இடங்கள் பல.

சதவீதம் யாருடையது?

பெட்டித் தாளில் இருக்கும் எண், பரிசோதனையின் பிறவிக் குணம் போலத் தோன்றும். யாருடைய ரத்தத்தை வைத்து அளந்தார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

வி.டி.ஆர்.எல். பரிசோதனையையே எடுத்துக்கொள்ளலாம். உடலெங்கும் தடிப்பு தோன்றும் இரண்டாம் கட்டச் சிபிலிஸில் அதன் உணர்திறன் ஏறத்தாழ 100 சதவீதம். புண் மட்டும் இருக்கும் முதல் கட்டத்தில் அது 78 சதவீதம்தான். எதிர்ப்பொருள் போதிய அளவு உருவாகச் சில வாரங்கள் ஆவதே காரணம். வெளியே எதுவும் தெரியாமல் நோய் பதுங்கியிருக்கும் கட்டத்தில் 95 சதவீதம். பல ஆண்டுகள் கழிந்த கடைசிக் கட்டத்தில் மறுபடியும் 71 ஆகச் சரிகிறது. இவை 1995இல் சாண்ட்ரா லார்சனும் சக ஆய்வாளர்களும் தொகுத்துத் தந்த எண்கள். இன்றும் பாடநூல்களில் எடுத்தாளப்படுகின்றன.

ஆக, புதுக் கிட் ஒன்றைத் தயாரிக்கும் நிறுவனம் இரண்டாம் கட்ட நோயாளிகளின் ரத்தத்தை மட்டும் சேகரித்துச் சோதித்தால் 'உணர்திறன் 100 சதவீதம்' என்று தாராளமாக அச்சடிக்கலாம். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் சுகாதார நிலையத்துக்கு வரும் கர்ப்பிணிக்கு அது பொருந்தாது. அவருக்குத் தொற்று இருந்தால் அது பெரும்பாலும் பதுங்கிய கட்டமாகவே இருக்கும்.

அதேபோல, நோய் இல்லாதவர்கள் என்று கல்லூரி மாணவர்களின் ரத்தத்தை மட்டும் எடுத்தால் தனித்தன்மை பளபளக்கும். மலேரியாவும் லூபஸும் கர்ப்பமும் முதுமையும் அந்தக் கூட்டத்தில் இருக்காதே. நியாயமான மதிப்பீடு என்றால் குழப்பம் விளைவிக்கக்கூடிய ரத்தங்களையும் வேண்டுமென்றே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எண்ணிக்கையிலும் ஒரு மயக்கம் உண்டு. நோயில்லாத 100 பேரைச் சோதித்தார்கள், ஒருவருக்கும் பொய் பாசிட்டிவ் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் தனித்தன்மை 100 சதவீதமா? புள்ளியியலில் இதற்கு 'மூன்றின் விதி' என்று சுருக்கமான கணக்கு இருக்கிறது. சோதித்த எண்ணிக்கையால் மூன்றை வகுத்தால், உண்மையான தவறு விகிதம் அதிகபட்சம் எவ்வளவு இருக்கக்கூடும் என்பது 95 சதவீத உறுதியோடு கிடைக்கும். 100 பேரில் தவறே இல்லை என்றாலும் உண்மை விகிதம் 3 சதவீதம் வரை இருக்கலாம். அரை சதவீதத்துக்குள் என்று உறுதி சொல்ல வேண்டுமானால், 600 பேரைச் சோதித்து ஒரு தவறும் வராமல் இருக்க வேண்டும்.

பத்தாயிரம் கர்ப்பிணிகள்

அரை சதவீதம், இரண்டு சதவீதம் என்றெல்லாம் ஏன் இத்தனை கறார்? விடை நோயின் பரவலில் இருக்கிறது. தமிழகத்தில் பொதுமக்களிடையே பால்வினை நோய்கள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்று கண்டறிய நடத்தப்பட்ட ஆய்வொன்று 2002இல் இந்தியத் தேசிய மருத்துவ இதழில் வெளியானது. அதன்படி சிபிலிஸின் பரவல் 0.3 சதவீதம், அதாவது ஆயிரத்துக்கு மூன்று பேர்.

2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து உருவான தென்காசி மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 14 லட்சம். இங்கே 10,000 கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை நடப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். பரவல் அதே 0.3 சதவீதம் என்றால் 30 பேருக்குத் தொற்று இருக்கும். பரிசோதனை நல்ல ரகம்: உணர்திறன் 98, தனித்தன்மை 98.

30 பேரில் 29 பேர் பிடிபடுவார்கள், ஒருவர் தப்பிவிடுவார். மீதமுள்ள 9,970 பேருக்கும் நோய் இல்லை. அவர்களில் 2 சதவீதம், அதாவது 199 பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ் வரும். மொத்தம் 228 பாசிட்டிவ் முடிவுகளில் உண்மையானவை 29. எட்டில் ஒன்று! '98 சதவீதம் துல்லியம்' என்று விற்கப்படும் கிட் 'உண்டு' என்று சொல்லும்போது, எட்டுக்கு ஏழு முறை அது தவறு.

இதே கிட்டைப் பால்வினை நோய்ச் சிகிச்சை தரும் சுகவாழ்வு மையம் ஒன்றுக்கு எடுத்துச் செல்வோம். அங்கே வருகிறவர்களில் 10 சதவீதம் பேருக்குத் தொற்று இருப்பதாக வைத்துக்கொண்டால், 10,000 பேரில் 980 உண்மைப் பாசிட்டிவ், 180 பொய் பாசிட்டிவ். இப்போது நூற்றுக்கு 84 சரி. கிட் மாறவில்லை, எதிரே கை நீட்டியவர்கள்தான் மாறினார்கள்.

கற்பனைக் கணக்கு என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். அமெரிக்காவில் 2006 முதல் 2010 வரை ஐந்து ஆய்வகங்களில் 1,40,176 மாதிரிகளுக்கு நடந்த பரிசோதனைகளை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் அலசி 2011இல் வெளியிட்டது. முதலில் தானியங்கிக் கருவியில் கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடி, பாசிட்டிவ் வந்தால் ஆர்.பி.ஆர். செய்தார்கள். முதல் சுற்றில் பாசிட்டிவ் ஆனவற்றில் பாதிக்கும் மேல் ஆர்.பி.ஆரில் நெகட்டிவ். அப்படி முரண்பட்டவற்றை மூன்றாவதாக இன்னொரு முறையில் பார்த்தபோது, நோய் குறைவாக உள்ள மக்களிடம் எடுத்த மாதிரிகளில் 40.8 சதவீதம் அதிலும் நெகட்டிவ். நோய் அதிகமுள்ள மக்களிடம் 14.5 சதவீதம் மட்டுமே.

பாசிட்டிவ் வந்ததும் வேறு வகைப் பரிசோதனையால் உறுதி செய்யும் வழக்கத்துக்குக் காரணம் இதுதான். 199 பொய் பாசிட்டிவ்களையும் 99 சதவீதத் தனித்தன்மை உள்ள இரண்டாவது பரிசோதனை ஒன்றில் போட்டால் மிஞ்சுவது இருவர் மட்டுமே. ஆனால் இரண்டாவது பரிசோதனை முதல் பரிசோதனையின் அச்சுப் பிரதியாக இருக்கக் கூடாது. லூபஸ் உள்ள பெண்ணின் ரத்தத்தை வி.டி.ஆர்.எல்., ஆர்.பி.ஆர். இரண்டிலும் பார்த்தால் இரண்டும் ஒன்று சேர்ந்தே தவறக்கூடும். இரண்டுமே தேடுவது ஒரே கொழுப்பு எதிர்ப்பொருளைத்தான். கிருமியின் புரதங்களை எதிர்க்கும் எதிர்ப்பொருளைத் தேடும் டி.பி.எச்.ஏ. போன்ற பரிசோதனை வேறு திசையிலிருந்து வருவதால், அதன் தவறுகளும் வேறு. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டபோதும் இதே ஒழுங்குதான். வேலூர் சி.எம்.சி.யில் எலிசா முறையில் பாசிட்டிவ் என்று தெரிந்த பிறகு, வெஸ்டர்ன் பிளாட் என்ற வேறு முறையில் உறுதிசெய்ய மாதிரிகள் அமெரிக்காவுக்குப் போயின.

எதனோடு ஒப்பிடுவது?

இத்தனை கணக்கும் ஒரு அனுமானத்தின்மேல் நிற்கிறது: யாருக்கு நோய் உண்டு, யாருக்கு இல்லை என்பது முன்கூட்டியே நிச்சயமாகத் தெரியும் என்பதே அது. அந்த நிச்சயம் எங்கிருந்து வரும்? பல தொற்றுகளுக்குக் கிருமியை வளர்த்துக் காட்டுவதுதான் இறுதிச் சாட்சி. சிபிலிஸ் கிருமியோ ஆய்வகத் தட்டில் வளர மறுத்தது. 1912இல் அமெரிக்காவில் ஒரு நோயாளியின் முதுகுத்தண்டு நீரிலிருந்து எடுத்த 'நிக்கல்ஸ்' வகைக் கிருமியை முயல்களின் விரையில் வளர்த்தே தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்தார்கள். டி.பி.எச்.ஏ. பரிசோதனைக்கான கிருமிப் பொருளும் அப்படி முயலிலிருந்து வந்ததுதான். டெக்சாஸில் டயான் எட்மண்ட்சன், ஸ்டீவன் நாரிஸ் குழுவினர் செல் வளர்ப்பில் இதை நீடித்து வளர்த்துக் காட்டியது 2018இல்!

தங்க அளவுகோல் இல்லாததால் ஒரு பரிசோதனையை இன்னொரு பரிசோதனையோடுதான் ஒப்பிட வேண்டியிருக்கிறது. அந்த இன்னொன்றிலும் ஓட்டை உண்டு. டி.பி.எச்.ஏ. ஒருமுறை பாசிட்டிவ் ஆனால், சிகிச்சை பெற்றுக் குணமான பிறகும் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்கப் பாசிட்டிவாகவே இருக்கும். இருபது ஆண்டுகளுக்கு முன் ஊசி போட்டுக்கொண்டவரையும் இன்று நோயோடு இருப்பவரையும் அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. கொழுப்பு எதிர்ப்பொருளின் அளவோ சிகிச்சைக்குப் பின் இறங்கும். 1:32 என்றிருந்தது 1:8 ஆக, அதாவது நாலில் ஒரு பங்காகக் குறைந்தால் மருந்து வேலை செய்திருக்கிறது என்று பொருள். நூற்றாண்டுப் பழைமையான கொழுப்புப் பரிசோதனையை இன்னும் தூக்கிப்போடாமல் வைத்திருப்பதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு ஓட்டை யாஸ் என்னும் தோல் நோய். சிபிலிஸ் கிருமியின் நெருங்கிய உறவான அது பாலுறவால் பரவுவதில்லை. குழந்தைகளுக்குத் தோலோடு தோல் பட்டு வரும். இந்தியாவில் யாஸ் முற்றிலும் ஒழிந்துவிட்டதாக 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆனால் சிறு வயதில் யாஸ் வந்துபோன ஒருவரின் ரத்தத்தைச் சிபிலிஸ் ரத்தத்திலிருந்து பிரித்தறிய இன்றைய எதிர்ப்பொருள் பரிசோதனைகள் எவற்றாலும் முடியாது.

பெயர் மறைத்த குப்பிகள்

1920களில் வாசர்மான் முறைக்கு நாட்டுக்கு நாடு, ஏன், ஆய்வகத்துக்கு ஆய்வகம் தனித்தனிச் சமையல் குறிப்புகள் இருந்தன. ஒவ்வொருவரும் தம்முடையதே சிறந்தது என்றார்கள். உலக நாடுகள் சங்கம் 1923இலும் 1928இலும் கோபன்ஹேகனில் ஆய்வக மாநாடுகளைக் கூட்டியது. பல நாட்டு நிபுணர்களை ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்து, ஒரே ரத்த மாதிரிகளைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். 1934–35இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் அதே பாணியில், கான், கோல்மர், கிளைன், ஈகிள், ஹின்டன் என்று தத்தம் பெயரில் பரிசோதனை வைத்திருந்தவர்களைப் போட்டிக்கு அழைத்தது. ரத்தம் யாருடையது, நோய் உள்ளதா என்று யாருக்கும் சொல்லவில்லை.

இன்று எந்தக் கிட்டை மதிப்பிடுவதற்கும் இதுவே அடிப்படை. முடிவைப் படிப்பவருக்கு நோயாளியின் கதை தெரியக் கூடாது. தெரிந்தால், ஸ்ட்ரிப் வகைப் பரிசோதனையில் மங்கலான கோடுகூட அவருக்குத் தெளிவான கோடாகத் தெரியும். ஒரே ஸ்ட்ரிப்பை இரண்டு பேர் தனித்தனியே படித்து, எத்தனை முறை ஒத்துப்போகிறார்கள் என்பதும் கணக்கில் வர வேண்டும்.

கைப்பழக்கத்தின் பங்கு எவ்வளவு பெரியது என்பதைப் போலந்து மருத்துவர் லுத்விக் ஃபிளெக் 1935இலேயே எழுதிவிட்டார். நோயாளிகளில் 15–20 சதவீதம் பேரை மட்டுமே பிடித்த வாசர்மான் பரிசோதனை, பல ஆய்வகங்களின் கூட்டு உழைப்பால் மெல்ல மெல்லத் தீட்டப்பட்டு 70–90 சதவீதத்துக்கு உயர்ந்த கதையை வைத்து, அறிவியல் உண்மை என்பது எப்படி உருவாகிறது என்று ஒரு நூலே எழுதினார் அவர்.

ஆய்வகத்துக்கு வெளியே

வி.டி.ஆர்.எல்., ஆர்.பி.ஆர். இரண்டையும் 23 முதல் 29 டிகிரி செல்சியஸுக்குள் செய்ய வேண்டும் என்பது விதி. சாரல் மாதங்களில் கணவாய்க் காற்று வீசும்போது தென்காசியில் இதற்குச் சிரமமில்லை. சித்திரை வெயிலில், குளிரூட்டி இல்லாத ஆய்வக அறையில், அந்த விதியைக் காப்பாற்றுவது கஷ்டம். சுழலும் மேடையின் வேகம் குறைந்தாலோ, சொட்டு விடும் ஊசியின் துவாரம் தேய்ந்தாலோ முடிவு மாறும்.

எதிர்ப்பொருள் மிக அதிகமாக இருந்தாலும் சிக்கல்தான். அளவுக்கு மீறி நெருக்கியடிக்கும் எதிர்ப்பொருட்கள் துகள்களைத் திரளவிடாமல் தடுத்து, கடும் நோயாளிக்கே நெகட்டிவ் காட்டிவிடும். சீரத்தை நீர்த்துப்போகச் செய்து மறுபடி பார்த்தால் குட்டு வெளிப்படும். ஆனால் அப்படிப் பார்க்க வேண்டும் என்று யாருக்காவது தோன்ற வேண்டும்.

இதற்காகவே, விடை தெரிந்த மாதிரிகளைத் தினமும் கூடவே ஓட்டிச் சரிபார்ப்பதும், மேல்நிலை ஆய்வகங்கள் அனுப்பும் மாதிரிகளைச் சோதித்துத் திருப்பி அனுப்புவதும் நடைமுறையில் உள்ளன. இந்தியாவில் பல ஆய்வகங்களுக்கு வி.டி.ஆர்.எல். ஆன்டிஜெனைத் தயாரித்துத் தருவது கொல்கத்தாவின் சீராலஜி நிறுவனம். சென்னை மருத்துவக் கல்லூரியின் பால்வினை நோயியல் நிறுவனம் இத்துறையின் மண்டல மேல்நிலை ஆய்வகங்களில் ஒன்று.

மின்சாரமும் நுண்ணோக்கியும் வேண்டாத ஸ்ட்ரிப் பரிசோதனைகள் வந்ததும் மதிப்பீட்டின் அளவுகோலே விரிந்தது. விலை, உணர்திறன், தனித்தன்மை, எளிமை, வேகமும் உறுதியும், கருவியில்லாமை, தேவைப்படுபவர் கைக்குப் போய்ச் சேர்தல் என்று ஏழு தகுதிகளை உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2003 வாக்கில் வகுத்தார்கள். மிகத் துல்லியமான பரிசோதனை மாவட்டத் தலைநகரில் மட்டும் இருந்து, ரத்தம் கொடுத்த பெண் முடிவை வாங்கத் திரும்ப வராவிட்டால், அந்தத் துல்லியத்தால் அவருக்குப் பயன் இல்லை. சற்றுக் குறைந்த உணர்திறன் உள்ள ஸ்ட்ரிப் இருபது நிமிடத்தில் விடை சொல்லி, அன்றே ஊசியும் போட வழிசெய்தால், மொத்தத்தில் காப்பாற்றப்படும் குழந்தைகள் அதிகம். ஆய்வக வசதி குறைந்த இடங்களில் அங்கேயே பரிசோதித்துச் சிகிச்சையைத் தொடங்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2017இல் பரிந்துரைத்தது. ஒரே விரல்நுனித் துளியில் எச்.ஐ.வி.யையும் சிபிலிஸையும் சேர்த்துப் பார்க்கும் இரட்டைப் பரிசோதனைகளும் புழக்கத்துக்கு வந்துவிட்டன.

மதிப்பீடு ஒருமுறை செய்து முத்திரை குத்திவிடும் காரியமும் இல்லை. 2021 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்ட சிலருக்கு, ஒரு குறிப்பிட்ட தானியங்கிக் கருவியின் ஆர்.பி.ஆர். பரிசோதனை பொய் பாசிட்டிவ் காட்டுகிறது என்று. அந்தக் கருவியை அங்கீகரித்தபோது அப்படியொரு தடுப்பூசியே உலகில் இல்லை.

பிறந்த குழந்தை விஷயத்தில் இன்றும் எந்தக் கிட்டாலும் ஒரே நாளில் விடை சொல்ல முடிவதில்லை. தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கு வந்துவிடுவதால், தொற்று இல்லாத குழந்தையும் பாசிட்டிவ் காட்டும். குழந்தையின் ஆர்.பி.ஆர். அளவு தாயின் அளவைவிட நாலு மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் சந்தேகம் வலுக்கும். இல்லையென்றால் சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து, அளவு இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தொற்றில்லாத குழந்தைக்கு ஆறு மாதத்துக்குள் அது மறைந்துவிடும்.

தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்துவிட்டதாக இலங்கைக்கு 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. கர்ப்பிணிகளில் குறைந்தது 95 சதவீதம் பேருக்குச் சிபிலிஸ் பரிசோதனை, தொற்று உள்ளவர்களில் குறைந்தது 95 சதவீதம் பேருக்குச் சிகிச்சை, பிறவிச் சிபிலிஸ் ஒரு லட்சம் பிறப்புக்கு 50க்கு மேல் போகாமை ஆகியவை அதற்கான நிபந்தனைகள். சான்று தருமுன் திட்டச் செயல்பாடு, புள்ளிவிவரம், மனித உரிமை ஆகியவற்றோடு ஆய்வகங்களின் தரத்தையும் தனியே பரிசீலிக்கிறார்கள். பரிசோதனையே பிசகினால் 95 சதவீதத்துக்கும் 50க்கும் அர்த்தமில்லாமல் போய்விடும். மாலத்தீவும் தாய்லாந்தும் மலேசியாவும் இந்தச் சான்றைப் பெற்றுவிட்டன. இதே இலக்கை அறிவித்துள்ள இந்தியா, தென்காசி போன்ற மாவட்டங்களின் ஆய்வக மேசைகளிலிருந்து அந்தக் கணக்கைச் சேர்க்க வேண்டியிருக்கிறது.